மொரிஷியஸிலிருந்து ரீயூனியன்: வானில் அரை மணி, தரையில் அரை நாள்

தைப்பூசக் காவடியை ஒட்டி இரண்டு தீவுகளுக்கும் இடையே உறவினர்கள் போய்வருவார்கள். பயணத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, போர்ட் லூயிஸில் விமான டிக்கெட் பதிவுத் தொழிலில் இருக்கும் நம் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

ரோஸ் ஹில் வாசகி: நம் பிளேசான்ஸ் விமான நிலையத்திலிருந்து ரீயூனியனின் ரோலான் காரோஸ் விமான நிலையம் எவ்வளவு தூரம்?

நேர்கோட்டில் சுமார் 230 கிலோமீட்டர், அம்மா. டிக்கெட்டில் ஏறக்குறைய 45 நிமிடம் என்று போட்டிருக்கும்.

மாயெபூர் மாணவர்: ஏடிஆர் 72 என்ற சுழலி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்குமே. அப்படியானால் 28 நிமிடம்தானே ஆக வேண்டும்?

வகுத்த கணக்கு சரிதான், தம்பி. ஆனால் அந்த வேகம் மேலே ஏறி நிலைத்த பிறகுதான் வரும். ஏறும்போதும் இறங்கும்போதும் அவ்வளவு வேகம் இருக்காது. தவிர, ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும் இறங்கிய பின் நிறுத்துமிடத்துக்கு வருவதும் அட்டவணை நேரத்திலேயே அடங்கும்.

நம் ரோட்ரிக்ஸ் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அது கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர். ரீயூனியனைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். பயண நேரமோ ஏறத்தாழ ஒன்றரை மணிதான், அதாவது இரண்டு மடங்கு. ஏறி இறங்க ஆகும் நேரம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் வரும் வித்தியாசம் இது. இதே காரணத்தால், ரீயூனியனுக்கு ஜெட் விமானத்தில் போனாலும் சில நிமிடங்களே மிச்சமாகும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பேன்.

கத்ர் போர்ன் வாசகர்: காலையில் கிளம்பினால் மதிய உணவுக்கு ரீயூனியனின் சேந்த்-ஆந்த்ரே ஊருக்குப் போய்விடலாமா?

விடியற்காலை விமானமாக இருந்தால் போகலாம். ஆனால் 45 நிமிடத்தை மட்டும் நம்பிச் சமைக்கச் சொல்லிவிடாதீர்கள்! நீங்கள் பிளேசான்ஸ் சேரும் நேரம் ஒன்று. இது வெளிநாட்டுப் பயணம் என்பதால் இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போய் நிற்பது இன்னொன்று. அங்கே குடிநுழைவு வரிசை. பிறகு ரோலான் காரோஸ் இருக்கும் சேந்த்-மரியிலிருந்து கிழக்கே கார்ப் பயணம். வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. கடிகாரத்தைத் திருப்பும் வேலை இல்லை. இரண்டு தீவுகளுக்கும் ஒரே நேரம்தான்.

சேந்த்-பியேர் வாசகி: ரீயூனியனில் எங்கள் பியர்ஃபோன் விமான நிலையத்திலிருந்து மொரிஷியஸுக்குத் தூரம் கூடுமா?

கூடும். சுமார் 255 கிலோமீட்டர். பறக்கும் நேரத்தில் அது பெரிதாகத் தெரியாது. உங்கள் ஊர் தெற்கே இருப்பதால், அங்கிருந்து விமானம் கிடைத்தால் ரோலான் காரோஸ் வரை தீவைச் சுற்றி அலையாதீர்கள்.

ரோஸ் ஹில் வாசகி: எந்தப் பக்கம் உட்கார்ந்தால் மலை தெரியும்?

போகும்போது இடப்பக்கம். ரோலான் காரோஸ் வடக்குக் கரையில் இருக்கிறது, நீங்களோ கிழக்கிலிருந்து வருகிறீர்கள். அதனால் தீவு முழுவதும் இடப்பக்கம் விரியும். மேகம் இல்லாவிட்டால் 3,000 மீட்டரைத் தாண்டிய பித்தோன் தே நேஜ் சிகரம் கண்ணில் படும். காலை விமானத்தையே பரிந்துரைப்பேன். பிற்பகலில் மலையை மேகம் மூடிக்கொள்ளும்.

போர்ட் லூயிஸ் வாசகர்: ஜனவரியில் ரீயூனியன் போய், அங்கிருந்து அதே நாளில் பாரிஸ் விமானம் பிடிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். 2024 ஜனவரியில் பெலால் புயல் இரண்டு தீவுகளையும் தாக்கியபோது விமானப் போக்குவரத்தே நின்றது. ஓரிரவாவது அங்கே தங்குங்கள். இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக வாங்குவது இன்னும் நல்லது. முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு வந்துவிடும்.