பீஃப் கறியும் நாடாப்புழுவும்: பயம் எதில் இருக்க வேண்டும்?

கேள்வி: என் கணவருக்கு ஒரு மாதமாக மலத்தில் வெள்ளையாக, தட்டையாக, ரிப்பன் துண்டு மாதிரி விழுகிறது. சில நாள் உள்ளாடையில் ஒட்டிக்கொண்டு நெளிகிறது. பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரையை மெடிக்கலில் வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் நின்றது, மறுபடி வருகிறது. கடையில் அடிக்கடி பீஃப் சாப்பிடுபவர். இந்தப் புழு மூளைக்கு ஏறிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். கறியை நிறுத்திவிடவா? பிள்ளைகளுக்கும் தொற்றுமா?
— ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நாடாப்புழுதான். அதிலும் துண்டுகள் தானாக வெளியே வந்து நெளிவது மாட்டுக்கறியால் வரும் வகையின் வழக்கம். பன்றிக்கறியால் வரும் வகையில் துண்டுகள் பெரும்பாலும் மலத்தோடுதான் போகும். மூளையில் கட்டி உண்டாக்குவது இந்தப் பன்றி வகை. மாட்டு வகை அப்படிச் செய்வதில்லை. ஆனாலும் கண்ணால் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். அடுத்த முறை விழும் துண்டைக் கையால் தொடாமல் ஒரு குச்சியால் எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் போட்டு, ஸ்டான்லி மருத்துவமனைக்கோ பக்கத்து மாநகராட்சி சுகாதார நிலையத்துக்கோ எடுத்துப் போங்கள். மலத்தை மட்டும் பரிசோதித்தால் முட்டை தெரியும், எந்த வகை என்று தெரியாது. இரண்டின் முட்டையும் ஒரே மாதிரி இருக்கும். துண்டு கிடைத்தால்தான் அதன் கருப்பைக் கிளைகளை எண்ணிப் பிரித்துச் சொல்ல முடியும்.

நீங்கள் கொடுத்தது அநேகமாக 400 மில்லிகிராம் அல்பெண்டசோல். நாக்குப்பூச்சிக்கும் கொக்கிப்புழுவுக்கும் நல்ல மாத்திரை. நாடாப்புழுவுக்கு ஒரே ஒரு வேளை போட்டால் நம்ப முடியாது. இந்தப் புழுவின் தலை குடல் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும். தலை தங்கிவிட்டால், வெட்டிய முருங்கை மாதிரி மறுபடி துளிர்த்துச் சில மீட்டர் நீளம் வளரும். விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக வைத்தாலும் இதே கதைதான். பிராசிகுவான்டெல் அல்லது நிக்லோசமைடுதான் சரியான மருந்து, பெரும்பாலும் ஒரே வேளை போதும். ஆனால் இதை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மூளையில் ஏற்கெனவே கட்டி இருப்பவருக்கு பிராசிகுவான்டெல் கொடுத்தால் கட்டியைச் சுற்றி வீக்கம் ஏறி வலிப்பு வரலாம். அவருக்கு எப்போதாவது வலிப்போ விடாத தலைவலியோ வந்திருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

கறியை நிறுத்த வேண்டியதில்லை. குக்கரில் வெந்த கறியிலோ கொதிக்கும் குழம்பிலோ புழுவின் குட்டிப் பருவம் பிழைக்காது. வெளியே கருகி உள்ளே சிவப்பாக இருக்கும் கபாப், அவசரத்தில் கல்லில் புரட்டிய பெரிய துண்டு, உப்பு பார்க்க வாயில் போடும் பச்சைக் கொத்துக்கறி, இவைதான் ஆபத்து. புளியந்தோப்பிலோ பெரம்பூரிலோ கடையில் சாப்பிடும்போது துண்டைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே சிவப்பு இருந்தால் மறுபடி கல்லில் போடச் சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. பச்சைக் கறி வெட்டிய பலகையில் அப்படியே வெங்காயம் நறுக்குவதையும் விடுங்கள்.

சரி, மூளைக்கு எப்படிப் போகிறது? கறி வழியாக அல்ல. பன்றிக்கறியில் உள்ள குட்டிப் பருவத்தைத் தின்றால் குடலில் புழு வளரும், அவ்வளவுதான். அந்தப் புழு உள்ள மனிதரின் மலத்தில் போகும் முட்டை, கழுவாத கை வழியாகவோ தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போனால்தான் மூளையில் கட்டி வரும். புழு உள்ளவருக்கே அவர் கையால் போகலாம். அதனால்தான் கறியைத் தொடாத வீடுகளிலும் இந்த நோய் வருகிறது. பன்றிகள் திரியும், இந்நோய் பரவலாக உள்ள பல பகுதிகளில் வலிப்பு நோயில் சுமார் 30 சதவீதத்துக்கு இதுதான் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முட்டைகோஸில் நெளியும் பச்சைப் புழுவைப் பார்த்து அலறுகிறோமே, அது வேறு, பூச்சியின் புழு. நாடாப்புழு முட்டை கண்ணுக்கே தெரியாது. பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்கும் வெங்காயப் பச்சடி, வெள்ளரி, கொத்தமல்லி எல்லாம் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவியிருக்க வேண்டும். மழையில் தெருவில் சாக்கடை பொங்கும் நாட்களில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயம் பரிசோதனை முடிவைப் பொறுத்தது. மாட்டு வகை என்றால் அப்பாவிடமிருந்து நேராகத் தொற்றாது. அதன் முட்டை மாட்டுக்குள் போய்த்தான் வளரும். பன்றி வகை என்றால் வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை வேண்டும். முடிவு வரும்வரை கழிவறை போய் வந்ததும், சமைக்கும் முன்பும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்று பிள்ளைகளைத் திட்டுவதை விட்டுவிடலாம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

மருந்து சாப்பிட்டதும் புழுவின் தலை வெளியே வந்ததா என்று தேடாதீர்கள். பெரும்பாலும் உள்ளேயே கரைந்துவிடும். 1 மாதம் கழித்து ஒரு முறை, 3 மாதம் கழித்து ஒரு முறை மலப் பரிசோதனை செய்யுங்கள். நடுவில் மறுபடி துண்டு விழுந்தால் அதையும் பாட்டிலில் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.