நந்தியாவட்டையும் கண்ணும் – ஒரு கடிதம்

வணக்கம் டீச்சர்,

உங்கள் செடிக் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நாங்கள் கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் அடுக்குமாடி வீட்டில், ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். அப்பா இறந்த பிறகு அம்மாவைத் தோட்டத்திலிருந்து எங்களோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் இருந்த நந்தியாவட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாரே என்று, ஏப்ரல் மாதம் சுங்கை பூலோ போய் அடுக்கு நந்தியாவட்டை ஒன்று வாங்கி வந்தேன். வரும்போது பூவோடு வந்தது. இப்போது ஜூலை. கிளை மட்டும் நீண்டுகொண்டே போகிறது, பூவைக் காணோம். பால்கனி தெற்குப் பார்த்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கோழி எரு போடுகிறேன். இலையை ஏதோ கடித்துத் தின்கிறது, ஆனால் பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. பால் வடியும் செடி வீட்டுக்கு ஆகாது என்று மனைவியின் வீட்டில் சொல்கிறார்கள். அது உண்மையா?

இன்னொன்று. அம்மாவுக்கு 67 வயது. இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உண்டு. ஆறேழு மாதமாக வலக்கண்ணில் புகை மூட்டமாகத் தெரிகிறது என்கிறார். செடி பூத்ததும் சாறு பிழிந்து விட்டால் தெளிந்துவிடும் என்று காத்திருக்கிறார். ஒரு வேளைக்கு எத்தனை சொட்டு, எத்தனை நாள் விட வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ச.

அன்புள்ள தம்பி,

"இன்னொன்று" என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் எழுத வேண்டியது அதுதான். சாறு விடாதீர்கள். ஒரு சொட்டும் விடாதீர்கள். இதைப் படித்துவிட்டு மற்றதை அப்புறம் படிக்கலாம் என்று மூடி வைத்தாலும் எனக்குப் போதும்.

போன மாதம் எங்கள் பழைய ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. நந்தியாவட்டை இருக்க கண்புரைக்கு ஆபரேஷன் எதற்கு என்று தலைப்பு. படித்து முடித்த கையோடு எட்டுப் பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவர்களும் அதில் உண்டு. அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்தது.

செடியைப் பார்த்துவிடுவோம். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு மூன்று பாகைதான் வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நமக்குச் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகும். தெற்குப் பார்த்த பால்கனியில் அந்த ஆறு மாதமும் நேர் வெயில் விழாது, வெளிச்சம் மட்டும்தான் இருக்கும். நீங்கள் செடியைக் கொண்டுவந்ததே ஏப்ரலில். நர்சரி வெயிலில் பூத்த செடி, உங்கள் வீட்டில் வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறது. வடக்குப் பக்கம் சன்னலோ நடைவழியோ இருந்தால் இப்போதைக்கு அங்கே மாற்றுங்கள். இல்லாவிட்டால் அக்டோபர் வரை பொறுங்கள், வெயில் உங்கள் பால்கனிக்கு வந்துவிடும்.

பொறுத்திருக்கும் நேரத்தில் கத்தரியை எடுங்கள். நம்மவர்களுக்குச் செடியை வெட்டக் கை வராது. நந்தியாவட்டையின் கிளையைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? நுனிக்குப் போகப் போக இரண்டிரண்டாகப் பிரியும். அந்தக் கவட்டில்தான் மொட்டு வரும், திருகாணி போல முறுக்கிக்கொண்டு. நீண்ட கிளையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினால் அதற்குக் கீழே புதுக் கிளைகள் வரும், கவடு கூடும், பூவும் கூடும். வெட்டிய இடத்தில் பால் கொட்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். வெட்டிய துண்டுகளை எறிய வேண்டாம். விரல் தடிமன் இல்லாத, பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய துண்டை, பால் நிற்கும் வரை தண்ணீரில் வைத்துவிட்டு, மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து நட்டால் வேர் பிடிக்கும்.

கோழி எருவை நிறுத்துங்கள். அது இலைக்குத்தான் போகிறது.

இலையைத் தின்பது யார் என்று தெரிய வேண்டுமானால் தரையைப் பாருங்கள். மிளகு அளவில் கறுப்பாக எச்சம் கிடந்தால் அதற்கு நேர் மேலே இலைக்கு அடியில் தேடுங்கள். விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு இருக்கும். தலைக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமாக இரண்டு பொய்க் கண்கள், வாலில் ஒரு சின்னக் கொம்பு. அரளியிலும் நித்தியகல்யாணியிலும் வருகிற அதே புழுதான். வளர்ந்தால் பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த பெரிய அந்துப்பூச்சியாகப் பறக்கும். மருந்து அடிக்காதீர்கள், கையால் எடுத்துக் கீழே புதரில் விட்டால் போதும். அப்புறம் தொட்டிக்குக் கீழே தட்டு வைத்திருந்தால் தண்ணீரை அன்றன்றைக்குக் கொட்டுங்கள். டிங்கிக் கொசுவுக்கு அந்தத் தண்ணீர் தாராளம்.

பால் வடியும் செடி ஆகாது என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. சிவன் கோயில் நந்தவனத்தில் நிற்கிற செடி உங்கள் பால்கனிக்கு ஆகாமல் போகாது.

சரி, அம்மாவுக்கு வருகிறேன்.

நான் பிறந்து வளர்ந்ததும் தோட்டத்தில்தான், சிலாங்கூரில். பால்மரத்தை (ரப்பர்) வெட்டிவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப்பனை) போட்டுக்கொண்டிருந்த எழுபதுகள். என் பெரியப்பா குலை வெட்டுகிறவர். உயர்ந்த மரத்தில் குலை வெட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நீளக் கம்பில் கட்டிய அரிவாளை இழுக்க வேண்டும். மட்டைத் தூசி, காய்ந்த பூ, எறும்பு எல்லாம் முகத்தில்தான் கொட்டும். ஒரு நாள் இடக்கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. சாயங்காலம் கண் சிவந்து வீங்கியிருந்தது. பெரியம்மா வாசலில் நின்ற நந்தியாவட்டையில் பூப் பறித்து, கழுவி, பழைய வேட்டித் துணியில் வைத்து முறுக்கிப் பித்தளை மூடியில் பிழிந்தார். பூவை அவர் காம்போடு பறித்திருந்தார். சாறு தெளிவாக இல்லை, பால் கலந்து வெண்மையாக இருந்தது. பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு தலையைச் சாய்த்தார். எரிகிறது என்றார். எரிந்தால்தான் கெட்ட நீர் போகும் என்றார் பெரியம்மா. லயத்தில் அன்றைக்கு யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாம் நாள் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. அதற்குப் பிறகுதான் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸரிடம் போனார்கள். அவர் ஒரு களிம்பைக் கொடுத்து வேலைக்கு அனுப்பிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கருவிழி பொத்துப்போயிருந்தது. கண்ணை எடுத்துவிட்டார்கள்.

காயத்துக்குப் பூ காரணம் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். காய்ந்த இலையும் மட்டையும் கண்ணில் படும்போது அவற்றோடு பூஞ்சை உள்ளே போகும். நம் போன்ற வெப்ப நாடுகளில் வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்களின் கருவிழியில் புண் வருவதற்கு இது பெரிய காரணம். ஆனால் திறந்த புண்ணின் மேல் கொதிக்க வைக்காத, வடிகட்டாத சாற்றை விட்டால் அந்தப் புண் என்ன ஆகும்? கண் வைத்தியர்கள் கருவிழிப் புண்ணோடு வருகிறவர்களிடம் முதலில் கேட்கிற கேள்விகளில் ஒன்று, வீட்டில் எதையாவது விட்டீர்களா என்பது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூச்சாறு என்று பட்டியல் நீளும். சாறு விட்டுப் பார்த்த அந்த மூன்று நாட்களும் பெரியப்பாவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

ஒற்றைக் கண்ணால் கம்பின் தூரத்தைச் சரியாகக் கணிப்பது கடினம். குலை வெட்டுகிற வேலையிலிருந்து அவரை உதிரிப்பழம் பொறுக்க அனுப்பினார்கள். சம்பளம் பாதியாகக் குறைந்தது. அந்த வருடம் அவர் மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். பெரியம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

நந்தியாவட்டை, அரளி, எருக்கு எல்லாம் ஒரே குடும்பம். அந்தப் பாலில் கடுமையான வேதிப்பொருட்கள் உண்டு. எருக்கம்பால் கண்ணில் பட்டவர்களில் பலருக்கு முதலில் வலியே தெரியாது. பால் உணர்ச்சியை மரக்கச் செய்துவிடும், கருவிழி உள்ளே வீங்கிப் பார்வை மங்கிய பிறகுதான் ஓடுவார்கள். வலிக்கவில்லை என்றால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

சித்த வைத்தியத்தில் இந்தப் பூவுக்கும் கண்ணுக்கும் உறவு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, நான் மறுக்கவில்லை. அந்த மரபின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் வாட்ஸ்அப் செய்தியைப் பார்க்கும்போது இத்தனை கோபம் வருகிறது. சித்த வைத்தியர் நாடி பார்ப்பார், நோயைப் பிரிப்பார், எந்தப் பாகம், எப்படிச் சுத்தம் செய்வது, எந்த அளவு என்று முறை வைத்திருப்பார். செய்தியை அனுப்புகிறவருக்கு உங்கள் அம்மாவின் முகம்கூடத் தெரியாது. முறையைக் கழித்துவிட்டுச் செடியின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வதை நான் மரபு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செடி வாங்கச் சுங்கை பூலோ போனீர்களே, அந்த இடம் எது தெரியுமா? 1930இல் திறந்த தொழுநோயாளர் குடியிருப்பு. வீட்டாரும் ஊராரும் ஒதுக்கியவர்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்க்கத் தொடங்கித்தான் அந்த நர்சரிகள் வந்தன. உங்கள் நந்தியாவட்டையும் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் கையிலிருந்து வந்திருக்கலாம். அவர்களுக்கு ஆரம்ப காலத்தில் கொடுத்த மருந்து என்ன? நீரடிமுத்து இன மரங்களின் விதையெண்ணெய். நம் வைத்தியர்கள் தோல் நோய்க்கு வைத்திருந்த அதே நீரடிமுத்து. அந்த எண்ணெயைச் சுத்தம் செய்து, அளந்து, ஊசியாகப் போட்டு, யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று எழுதி வைத்துப் பார்த்தார்கள். வலி தாங்க முடியாத ஊசி அது, குணமும் அரைகுறைதான். 1940களின் கடைசியில் டாப்சோன் மாத்திரை வந்ததும் எண்ணெயை விட்டுவிட்டு அதற்கு மாறினார்கள். 1980களில் கூட்டு மருந்து வந்தது, இன்றைக்குத் தொழுநோய் முழுதாகக் குணமாகிறது. நீரடிமுத்து நம்முடையதாயிற்றே, எப்படி விடுவது என்று அந்த நோயாளிகளிடம் யாராவது சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய கொடுமை! உங்கள் அம்மாவின் கண்ணுக்கு முன்னால் நிற்பதும் அதே கேள்விதான்.

இனிப்புநீர் உள்ளவருக்கு ஒரு கண்ணில் ஆறு மாதம் மூட்டம் என்றால் அது கண்புரையாக இருக்கலாம், விழித்திரையில் இரத்தக் குழாய் கசிவதாக இருக்கலாம், கண் அழுத்தமாகவும் இருக்கலாம். கண்புரை என்றால் பயமில்லை, மரக்க வைத்துச் செய்கிற சின்ன அறுவை, பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். கண் அழுத்தத்தில் போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும்; விழித்திரைக் கசிவிலும் தாமதித்தால் போன பார்வை திரும்பாமல் போகலாம். மூன்றில் எது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. இந்த நாட்டில் வயது வந்தவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர் இருக்கிறது, அதிலும் நம் இந்தியர்களிடம்தான் விகிதம் கூட. வருடம் ஒரு முறை விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்பது கிளினிக்கில் சுவரில் ஒட்டியிருக்கிற பாடம். தம்பி, நீங்கள் படித்தவர். ஒரு செடிக்காகச் சுங்கை பூலோ வரை போயிருக்கிறீர்கள். ஆறு மாதமாக அம்மா கண் தெரியவில்லை என்று சொல்கிறார், நீங்கள் ஒரு செடி பூக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

அம்மாவைத் திட்டாதீர்கள். அவர் கேட்பது சாறு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். கணவர் போனார், லயம் போனது, வாசல் போனது. ஒன்பதாவது மாடியில் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்ய ஒரு செடி வேண்டியிருக்கிறது. அதைக் கேலி செய்யாமல் அவரிடம் பேசுங்கள். பூ பூத்ததும் காலையில் சாமிக்கு வைக்கட்டும். கண் குளிர வேண்டும் என்றால் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, பூவை நன்றாகக் கழுவி, மூடிய இமையின் மேல் ஈரத் துணி விரித்து அதன் மேல் வைக்கட்டும். அதுவும் டாக்டர் பார்த்த பிறகு. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, புழு பொறுக்குவது எல்லாம் அவர் வேலையாகவே இருக்கட்டும், நீங்கள் தலையிடாதீர்கள். கத்தரியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், பால் தெறிக்கும்.

திங்கட்கிழமை காலையில் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கூட்டிப் போங்கள். ஒரு ரிங்கிட்டுக்கு மேல் செலவில்லை. விழித்திரையைப் படம் எடுக்கும் கேமரா பல கிளினிக்குகளில் இருக்கிறது, இல்லாவிட்டால் கண் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். ஆறு மாதமாக மங்கல், ஒரு கண்ணில் மட்டும், இனிப்புநீர் உண்டு என்ற மூன்றையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அம்மா சொன்னால் "வயசாச்சு, அதான்" என்று முடித்துவிடுவார். வலியோ சிவப்போ திடீரென்று திரை விழுந்தது போலவோ வந்தால் திங்கள் வரை காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளை உறையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்துத் தெரியாது. அரை நாள் லீவு போட்டுவிட்டு நீங்களே கூட இருங்கள், அவரைத் தனியாகக் கிராப் வாடகைக் காரில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.