முதல் தேர்வில் 48: ஃபைனைட் மேத் வகுப்பை விட்டுவிடலாமா?

கேள்வி: டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். மகன் இந்த ஆகஸ்டில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தான். இரண்டு வருடம் கழித்து பல்கலைக்கழகத்துக்கு மாறி பிசினஸ் படிக்க எண்ணம். மேத் 1324 என்ற ஃபைனைட் மேத் வகுப்பை ஆன்லைனில் எடுத்திருக்கிறான். முதல் தேர்வில் 48 மதிப்பெண். அவன் அப்பா தினமும் கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தும் இந்த நிலைமை. ட்ராப் பண்ணிவிடுகிறேன் என்கிறான். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், 600 டாலர் கொடுத்தால் ஹோம்வொர்க், தேர்வு எல்லாவற்றையும் தாங்களே முடித்து 'ஏ' வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கால்குலஸ்கூட இல்லாத கணக்கில் பிள்ளை இப்படித் தடுமாறுகிறானே என்று கவலையாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்கு ட்ராப் செய்ய வேண்டாம். இரண்டாவது தேர்வு முடியட்டும், அப்புறம் முடிவெடுக்கலாம். அந்த 600 டாலர்காரரிடம் மேற்கொண்டு ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

'கால்குலஸ்கூட இல்லாத கணக்கு' என்று வீட்டில் பேசுவதை முதலில் நிறுத்துங்கள். பையன் காதில் அது விழுந்துகொண்டே இருக்கும். இந்தப் பாடம் தரம் குறைந்த கணக்கு இல்லை. 1950-களில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில், சமூக அறிவியலும் உயிரியலும் படிக்கிற மாணவர்களை மனதில் வைத்து இதற்கு உருவம் கொடுத்தார்கள். 1957-இல் இதற்கென ஒரு பாடநூலை எழுதிய மூவரில் ஒருவர் ஜான் கெமெனி. பிற்பாடு BASIC (பேசிக்) என்ற கணினி மொழியை உருவாக்கிய இருவரிலும் ஒருவர். சமன்பாட்டுத் தொகுதிகள், மேட்ரிக்ஸ் (அணி), லீனியர் புரோகிராமிங் (கட்டுப்பாடுகளுக்குள் அதிக லாபத்தையோ குறைந்த செலவையோ காணும் முறை), வட்டிக் கணக்கு, நிகழ்தகவு ஆகியவைதான் பாடம். பிசினஸ் படிக்கிறவருக்கு வேலையில் உண்மையிலேயே பயன்படுபவை இவை.

ட்ராப் வேண்டாம் என்பதற்கு முக்கியமான காரணம் இந்தப் பாடத்தின் அமைப்பு. கால்குலஸில் முதல் மாதம் புரியாவிட்டால் அடுத்த மாதமும் புரியாது. இங்கே அப்படி இல்லை. வட்டிக் கணக்குக்கு மேட்ரிக்ஸ் தேவையில்லை. நிகழ்தகவுக்கு இரண்டுமே தேவையில்லை. ஒவ்வொரு அலகும் ஏறக்குறைய புதிதாகத் தொடங்குகிறது. முதல் தேர்வில் சறுக்கியவர்கள் வட்டிக் கணக்குத் தேர்வில் 90 வாங்குவதை வருடா வருடம் வகுப்பில் பார்க்கிறேன்.

சரி, எண்களைப் போட்டுப் பார்ப்போம். சிலபஸ் தாளில் எதற்கு எத்தனை சதவீதம் என்று இருக்கும். உதாரணமாக ஹோம்வொர்க்குக்கு 15, நான்கு தேர்வுகளுக்குத் தலா 15, இறுதித் தேர்வுக்கு 25 என்று வைத்துக்கொள்வோம். முதல் தேர்வின் 48 என்பது மொத்தத்தில் 7.2 புள்ளி. ஹோம்வொர்க்கில் 90 சதவீதம் எடுத்தால் 13.5 புள்ளி. 'சி' கிரேடுக்கு 70 வேண்டும் என்றால், மிச்சமிருக்கும் மூன்று தேர்விலும் இறுதித் தேர்விலும் சராசரியாக 70.4 எடுத்தால் போதும். 'பி' கிரேடு கிடைக்க அந்தச் சராசரி ஏறத்தாழ 84.7 ஆக வேண்டும். கடினம்தான், நடக்காத காரியம் இல்லை. சில ஆசிரியர்கள் இறுதித் தேர்வு மதிப்பெண் கூடுதலாக இருந்தால், மிகக் குறைந்த தேர்வுக்குப் பதிலாக அதையே எடுத்துக்கொள்வார்கள். உங்கள் மகனின் சிலபஸில் அந்த வரி இருந்தால் இந்த 48 காணாமலே போய்விடும். எத்தனை குடும்பங்கள் சிலபஸைத் திறந்தே பார்க்காமல் ட்ராப் முடிவுக்கு வருகின்றன என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

டெக்ஸஸில் ட்ராப் என்பது இலவசமும் இல்லை. 16 வார செமஸ்டரில் பன்னிரண்டாவது வகுப்பு நாளுக்குள் விலகினால் எந்தத் தடயமும் இருக்காது. உங்கள் மகன் அதைத் தாண்டிவிட்டான். இனி விலகினால் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலில், விலகியதைக் காட்டும் 'டபிள்யூ' நிற்கும். மாநிலப் பொதுக் கல்லூரிகளில் 2007 முதல் சேர்ந்தவர்கள் இளநிலைப் படிப்பு முழுக்க மொத்தம் ஆறு வகுப்புகளைத்தான் இப்படி விட முடியும். அந்த ஆறில் ஒன்றை முதல் செமஸ்டரிலேயே செலவழிப்பது சரியில்லை. இன்னொன்று: ஒரே வகுப்பை மூன்றாவது முறை எடுத்தால் பல கல்லூரிகள் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன, 'டபிள்யூ'வும் ஒரு முறையாகவே கணக்கில் சேரும்.

ஒரே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்லியாக வேண்டும். உங்கள் கடிதத்தில் விசா பற்றி இல்லை. மகன் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவன் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். எச்-4 (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் பிள்ளைக்கான) விசா என்றாலும் இப்போது சிக்கலில்லை. எச்-4 மாணவர் பகுதி நேரமாகப் படிக்கலாம். ஆனால் 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறுகிற பிள்ளைகள் நம் ஊர்க் குடும்பங்களில் நிறைய. எஃப்-1 மாணவர் ஒவ்வொரு வழக்கமான செமஸ்டரிலும் 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும். அதில் ஆன்லைன் வகுப்பு ஒன்று, அதாவது 3 கிரெடிட் மட்டுமே கணக்கில் சேரும். 12 கிரெடிட் மட்டும் எடுத்திருப்பவர் ஒரு கணக்கு வகுப்பை ட்ராப் செய்தால் 9 ஆகிவிடும், அனுமதி இல்லாமல் செய்தால் மாணவர் அந்தஸ்தே போய்விடும். விதியில் ஒரு வழி உண்டு: தகுதிக்குப் பொருந்தாத நிலையில் வகுப்பு ஒதுக்கப்பட்டிருந்தாலோ, அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாததால் சிரமப்பட்டாலோ, கல்லூரியின் சர்வதேச மாணவர் அதிகாரி பாடச்சுமையைக் குறைக்க அனுமதி தரலாம். அப்போதும் குறைந்தது 6 கிரெடிட் இருக்க வேண்டும், ஒரு படிப்பு நிலைக்கு ஒரு தடவைதான் தருவார்கள். அனுமதி எழுத்தில் கைக்கு வந்த பிறகுதான் ட்ராப் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் அழுத்திவிட்டு அடுத்த வாரம் போய்ச் சொல்லலாம் என்று இருந்துவிடக் கூடாது. இணையதளம் அந்தப் பொத்தானை அழுத்த விடுகிறது, எச்சரிக்கைகூடக் காட்டுவதில்லை என்று வருந்திய மாணவர்கள் இருக்கிறார்கள். கணக்கு அட்வைசருக்கு விசா விதி தெரியாது, சர்வதேச மாணவர் அதிகாரிக்குக் கணக்கு வகுப்பு பற்றித் தெரியாது, இருவரும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் பேசிக்கொள்வதில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் இத்தனையையும் ஏற்றுவது நியாயமே இல்லை.

இப்போது அந்த 600 டாலர் ஆளுக்கு வருகிறேன். இவர்களை நான் எந்தச் சலுகையும் இல்லாமல் கண்டிக்கிறேன். மாணவர் தன்னுடையதாக ஒப்படைக்கப்போகிறார் என்று தெரிந்தே லாபத்துக்காகப் பாட வேலையைத் தயாரித்து விற்பது டெக்ஸஸ் தண்டனைச் சட்டம் 32.50-ஆம் பிரிவின்படி குற்றம், விற்பதாகச் சொல்வதும் குற்றம். தண்டனை அபராதம்தான் என்பதால் யாரும் பயப்படுவதில்லை. அவர்களில் பலர் வெளிநாட்டில் இருப்பதால் பிடிபடுவதும் இல்லை. மாட்டுவது மாணவர். லாகின், பாஸ்வேர்டு இரண்டையும் கேட்பார்கள். கல்லூரிகளில் பெரும்பாலும் அதே லாகினில்தான் முகவரி, கட்டண விவரம், நிதி உதவி எல்லாம் இருக்கும். காலையில் பிளேனோவிலிருந்தும் மதியம் வேறு கண்டத்திலிருந்தும் ஒரே லாகின் திறக்கப்பட்டது கல்லூரியின் பதிவில் தெரியும். அதைவிட மோசம், பாதிப் பணம் வாங்கிவிட்டு மீதியைக் கேட்கும்போது 'தராவிட்டால் கல்லூரிக்கு எழுதுவேன்' என்று மிரட்டுவது. இறுதித் தேர்வு பெரும்பாலும் கண்காணிப்பில் நடக்கும், அந்த இடத்துக்கு அவர் வர முடியாது. எல்லாவற்றையும் தப்பினாலும், அடுத்த செமஸ்டரில் 1325 என்ற பிசினஸ் கால்குலஸ் காத்திருக்கிறது.

இவர்கள் பெருகியதற்குக் கல்லூரிகளும் ஒரு காரணம் என்பதை மறைக்க மாட்டேன். ஹோம்வொர்க்கை ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்குள் பூட்டிவைத்து, அதைத் திறக்க நூறு டாலருக்கு மேல் ஆக்ஸஸ் கோடு வாங்கச் சொல்கிறார்கள். பிள்ளை ஒரு குறியைத் தவறாகப் போட்டால் மென்பொருள் சிவப்புக் கோடு போடுமே தவிர எங்கே பிழை என்று சொல்லாது. ஒரு கல்லூரி மாணவர் கையால் எழுதிய தாளைப் பார்க்க யாருமே இல்லாத நிலையை நாமே உருவாக்கிவிட்டோம். கலிஃபோர்னியாவின் டி அன்சா கல்லூரி ஆசிரியர்கள் எழுதிய பயன்பாட்டு ஃபைனைட் கணிதப் பாடநூல் திறந்த உரிமத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தீர்த்துக் காட்டிய கணக்குகள் ஏராளம். உங்கள் மகன் அதை இன்றைக்கே இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்து அப்பா சொல்லிக் கொடுப்பதைப் பற்றி. கோபப்பட வேண்டாம், நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க நாம் மேல்நிலைப் பள்ளியில் படித்த முறை அணிக்கோவை, கிராமர் விதி. இங்கே முதல் அலகில் கேட்பது காஸ்-ஜோர்டன் முறை: வரிசைகளை மாற்றி, பெருக்கி, கூட்டி, ஒவ்வொரு படியையும் குறியீட்டோடு எழுத வேண்டும். விடை சரியாக இருந்தும் படிகள் இல்லையென்றால் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். அந்த 48-ல் கணிசமான பங்கு இதனால் போயிருக்கும் என்பது என் ஊகம். தாளை வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். டிஐ-84 கால்குலேட்டரில் இந்த வேலையை ஒரே கட்டளையில் முடிக்கலாம். தேர்வில் அதை அனுமதிக்கிறார்களா என்று ஆசிரியரிடமே கேட்கட்டும்.

இரண்டாவது தேர்வில் வருவது லீனியர் புரோகிராமிங். பிள்ளைகள் விழும் இடம் கணக்கு இல்லை, வாக்கியம். 'நாற்காலிகள் மேசைகளைப் போல் குறைந்தது இரு மடங்கு இருக்க வேண்டும்' என்றால் பாதிப் பேர் 2-ஐ நாற்காலி பக்கம் போட்டுப் பெருக்கிவிடுகிறார்கள். எழுதிய பிறகு எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 5 மேசைக்கு 9 நாற்காலி பொருந்துகிறதா? பொருந்தக் கூடாது; பொருந்தினால் 2 தவறான பக்கத்தில் இருக்கிறது. எக்ஸ் என்பது 'மேசை' என்று எழுதக் கூடாது, 'மேசைகளின் எண்ணிக்கை' என்று எழுத வேண்டும். இந்த ஒரு பழக்கம் ஒரு தேர்வில் பத்து மதிப்பெண்ணைக் காப்பாற்றும்.

வட்டிக் கணக்கில் எந்தச் சூத்திரம் என்பதுதான் குழப்பம். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: பெரிய தொகை முதலில் கைக்கு வருகிறதா, கடைசியில் வருகிறதா? மாதம் 200 டாலர், ஆண்டுக்கு 6 சதவீத வட்டியை மாதாமாதம் சேர்த்து, 5 வருடம் சேமித்தால் கடைசியில் ஏறத்தாழ 13,954 டாலர். அதே வட்டியில் 10,000 டாலர் கடன் வாங்கினால் மாதத் தவணை 193.33 டாலர். இரண்டும் வெவ்வேறு சூத்திரம். நிகழ்தகவில் சூத்திரத்தை விட்டுவிட்டு 10,000 பேரை வைத்து எண்ணிப் பார்ப்பதே நல்லது. நூற்றுக்கு ஒருவருக்கு வருகிற நோய். உள்ளவர்களில் 95 சதவீதத்தைச் சரியாகக் காட்டி, இல்லாதவர்களில் 10 சதவீதத்தைத் தவறாகக் காட்டுகிற சோதனை. நோயுள்ள 100 பேரில் 95, நோயில்லாத 9,900 பேரில் 990. நோய் இருப்பதாகச் சோதனை காட்டிய 1,085 பேரில் உண்மையில் நோய் உள்ளவர் 95 பேர்தான், 9 சதவீதத்துக்கும் குறைவு. இதை ஒரு தடவை கையால் செய்தவருக்கு, இதன் பின்னால் இருக்கும் பேய்ஸ் தேற்றம் மறக்காது.

மாறப்போகும் பல்கலைக்கழகத்தின் பிசினஸ் பிரிவு எந்தக் கணக்கைக் கேட்கிறது என்று அங்கேயே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். 1324 என்ற எண் டெக்ஸஸ் கம்யூனிட்டி காலேஜ்களுக்கெல்லாம் பொது, கிரெடிட் போய்ச் சேரும். ஆனால் சேர்ந்த கிரெடிட் பட்டத்துக்குப் பயன்படுமா என்பது வேறு கேள்வி. சில இடங்கள் கால்குலஸ்தான் வேண்டும் என்பார்கள். 'எல்லாம் செல்லும்' என்று சொல்லும் எந்த இடைத்தரகரையும் நம்ப வேண்டாம்.

இந்த வாரமே மகன் தேர்வுத் தாளோடு ஆசிரியரின் அலுவலக நேரத்தில், நேரிலோ வீடியோவிலோ பேசட்டும். நீங்கள் போக வேண்டாம். மாணவரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் ஆசிரியர்கள் பொதுவாகப் பெற்றோரிடம் பேச மாட்டார்கள், பேசுவதும் அவனுக்கு நல்லதில்லை. மதிப்பெண் எங்கே போனது, இறுதித் தேர்வு குறைந்த தேர்வுக்கு ஈடாகுமா என்ற இரண்டையும் கேட்கட்டும். கல்லூரிக் கணக்கு மையத்தில் டியூட்டரிங் இலவசம், அதையும் பயன்படுத்தட்டும். இரண்டாவது தேர்வில் 60-க்கு மேல் வந்தால் தொடரலாம். மேலே சொன்ன உதாரணத்தில் 60 வந்தால் மிச்சத்தில் சராசரி 73 வேண்டியிருக்கும், அது எட்டக்கூடியது. 60-க்குக் கீழே போனால், நாள்காட்டியில் போட்டிருக்கும் கடைசி நாளுக்குள் 'டபிள்யூ' வாங்கிக்கொள்ளலாம். அந்த நாள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், பெரும்பாலும் அக்டோபரிலோ நவம்பரிலோ வரும். அப்படி விட்டால், டிசம்பர் மினி வகுப்பிலோ 5 வாரக் கோடை வகுப்பிலோ திரும்ப எடுக்க வேண்டாம்; 48 மணி நேரப் பாடத்தை அத்தனை சில வாரங்களில் திணிப்பது தடுமாறும் பிள்ளைக்கு ஆகாது. ஸ்பிரிங்கில் 16 வாரம், நேரில் நடக்கும் பிரிவாகப் பார்த்து எடுக்கட்டும். அதற்கான பதிவு இலையுதிர் செமஸ்டர் முடியும் முன்பே திறந்துவிடும், நல்ல நேரங்கள் முதலில் நிரம்பிவிடும்.