உதைபந்தாட்டத்தில் பின்கள வீரர்கள் மட்டும் எப்படி 40 வயது வரை விளையாடுகிறார்கள்?

முன்களத்தில் ஓடுகிறவர்கள் 33 வயதிலேயே களைத்துவிட, பின்களத்தில் நிற்பவர்கள் எப்படி இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தாலியப் பின்கள வீரர் பாவ்லோ மால்தினியைப் பாருங்கள். 1985இல் 16 வயதில் ஏசி மிலானுக்கு இறங்கியவர், 2009 வரை அதே கழகம்தான், 902 ஆட்டம், ஐந்து ஐரோப்பியக் கிண்ணம். வலதுகாலால் உதைப்பவர், ஆனால் நின்றது இடது பக்கம்; வயது ஏற ஏற நடுப் பின்களத்துக்கு நகர்ந்துவிட்டார், அங்கே ஓட்டம் குறைவு, பந்து எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே பிடிக்கிற கண்தான் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர்ப் பக்கம் பின்னேரம் போய்ப் பாருங்கள், கொஞ்சம் தொந்தி வைத்த அண்ணை ஒருவர் "விடாதை, உள்ளுக்கு வெட்டுவான்!" என்று கத்திக்கொண்டே இரண்டடி நகர்ந்து, பறந்து வந்த பொடியனின் பந்தைச் சும்மா எடுத்துவிடுவார். சரி, முழங்கால் ஒத்துழைக்க வேண்டுமே, மால்தினிக்கே கடைசி வருடங்களில் அதுதான் தொல்லை.