மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கர் ஏன் கீச்சிடுகிறது? – கணினி கேள்வி பதில்

கேள்வி: என் மேசைக் கணினியில் அண்மையில் ஒரு கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தினேன். அதன் பிறகு, பாட்டு எதுவும் ஓடாத நேரத்திலும் மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் மெல்லிய கீச்சொலி கேட்கிறது. கேம் தொடங்கினால் அது நீண்ட சீழ்க்கையாக மாறுகிறது. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை. மதர்போர்டில் உள்ள சவுண்டு சிப் பழுதாகிவிட்டதா? யு.எஸ்.பி. சவுண்டு கார்டு ஒன்று வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்குவதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் சிப் பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. பழுதான சிப் எழுப்பும் இரைச்சல் மவுஸின் அசைவுக்கேற்ப ஏறி இறங்குவதில்லை. கணினி செய்யும் வேலையோடு சேர்ந்து இரைச்சலும் மாறுகிறது என்றால், அந்த வேலைக்காக இழுக்கப்படும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம் எங்கோ ஓரிடத்தில் ஒலியின் பாதைக்குள் நுழைகிறது என்றே பொருள். டிரைவரை மாற்றி இதைத் தீர்க்க முடியாததற்கும் காரணம் அதுவே.

கிராபிக்ஸ் கார்டு மின்சாரத்தை ஒரே சீராக இழுப்பதில்லை. திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் படங்களான ஃபிரேம்களில் ஒவ்வொன்றை வரையும்போதும் மிகுதியாக இழுத்து, அடுத்த ஃபிரேமுக்கு முன் குறைத்துக்கொள்கிறது. நொடிக்குச் சில நூறு ஃபிரேம்கள் ஓடும் கேம் மெனுவில் இந்த ஏற்ற இறக்கம் நம் செவிக்கு எட்டும் அதிர்வெண்ணிலேயே அமைந்துவிடுவதால்தான் காட்சி மாறும்போதெல்லாம் சீழ்க்கையின் சுருதியும் மாறுகிறது. இந்த மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கிரவுண்டு இணைப்பு, கணினிக்குள் இருக்கும் எல்லா உறுப்புகளுக்கும் பொதுவானது. அந்தப் பாதைக்கும் சிறிதளவு மின்தடை உண்டு என்பதால் அதன் இரு முனைகளுக்கிடையே நுண்ணிய மின்னழுத்த வேறுபாடு தோன்றுகிறது. ஒலி இணைப்பில் வரும் சிக்னல் சுமார் 1 வோல்ட் என்று கொண்டால், அதில் 1 மில்லிவோல்ட் இரைச்சல் கலந்தாலே அது பாட்டைவிட 60 டெசிபல் மட்டுமே தாழ்ந்து நிற்கும். அமைதியான அறையில், காதருகே வைத்த ஸ்பீக்கரில் அது நன்றாகவே கேட்கும்.

இனி, அது எந்த வழியாக நுழைகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, கணினியின் பின்புறமுள்ள அதே ஜாக்கில் ஹெட்ஃபோனைச் செருகிக் கேளுங்கள். ஹெட்ஃபோனில் அமைதி, ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் என்றால் குற்றம் சிப்பிலும் இல்லை, ஸ்பீக்கரிலும் இல்லை. இரண்டுக்கும் இடையே உருவான கிரவுண்டு லூப்பில் இருக்கிறது. கணினிக்குத் தன் பிளக் வழியாக ஓர் எர்த். ஸ்பீக்கருக்குத் தன் பிளக் வழியாக இன்னோர் எர்த். இரண்டையும் ஒலிக் கேபிளின் கிரவுண்டுக் கம்பி மூன்றாவது இடத்தில் இணைத்து வளையத்தை முடித்துவைக்கிறது. அந்த வளையத்தில் சுற்றும் தேவையற்ற மின்னோட்டத்தை ஆம்ப்ளிஃபயர், சிக்னல் என்று எண்ணிப் பெருக்கிவிடுகிறது. இதை உறுதி செய்ய, ஸ்பீக்கரின் கேபிளைச் சார்ஜரில் இல்லாத ஒரு செல்பேசியில் செருகிப் பாருங்கள். அப்போது அமைதி நிலவினால் ஐயத்துக்கு இடமில்லை. மானிட்டரையும் மறந்துவிடாதீர்கள்: எச்.டி.எம்.ஐ. கேபிளும் கிரவுண்டைச் சுமப்பதால், தனி எர்த் கொண்ட மானிட்டர் வழியாகவும் வளையம் உருவாகலாம். அந்தக் கேபிளை ஒரு நிமிடம் கழற்றிவிட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.

லூப்தான் என்று தெரிந்தால், முதல் வேலையாகக் கணினி, மானிட்டர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். பல நேரங்களில் இரைச்சல் இதிலேயே கணிசமாகக் குறையும். குறையாவிட்டால், ஒலிக் கேபிளின் நடுவே பொருத்தும் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் உதவும். அதற்குள் இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் சிக்னலைக் கடத்தி, கிரவுண்டைத் துண்டிக்கின்றன. மலிவானவற்றில் தாழ்ந்த சுருதிகளின் கனம் சற்றுக் குறையும் என்பதை அறிந்தே வாங்குங்கள். மதர்போர்டிலும் ஸ்பீக்கரிலும் ஆப்டிகல் வசதி இருந்தால் அதற்கு ஈடான தீர்வு வேறில்லை. 1983-இல் தோஷிபா அறிமுகப்படுத்திய அந்த இணைப்பில் ஒளி மட்டுமே செல்கிறது, மின்சாரம் கடக்க வழியே கிடையாது. நீங்கள் கேட்ட யு.எஸ்.பி. சவுண்டு கார்டோ, தனக்கு வேண்டிய 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் அதே கணினியிலிருந்துதான் பெறுகிறது. ஆகவே அதை வாங்கிய பிறகும் லூப் அப்படியே நீடிக்கக்கூடும். பலர் பணத்தை வீணாக்குவது இந்த இடத்தில்தான்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பிளக்கின் எர்த் பின்னை உடைத்தாலோ, அதை விலக்கும் அடாப்டரில் செருகினாலோ சத்தம் நின்றுவிடும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். சத்தம் நிற்கக்கூடும், ஆனால் உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் கணினியின் உலோகப் பெட்டியைத் தொடும் கைக்கு எந்தப் பாதுகாப்பும் இருக்காது. எந்த ஒலித் தரத்துக்காகவும் அதைச் செய்யாதீர்கள்.

மாறாக, ஹெட்ஃபோனிலும் அதே சீழ்க்கை கேட்டால் கலப்பு பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. முன்புற ஜாக்கைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் பின்புறத்துக்கு மாறுங்கள். முன்புற ஜாக்குக்குப் போகும் மெல்லிய வயர் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டை ஒட்டியே செல்கிறது. சவுண்டு அமைப்புகளில், பயன்படுத்தாத மைக், லைன் இன் ஆகியவற்றை மியூட் செய்யுங்கள். கணினியின் ஒலியளவை உயர்த்தி, ஸ்பீக்கரின் திருகைக் குறைத்து வையுங்கள். சிக்னல் வலுவாகவும், பெருக்கப்படும் இரைச்சல் சிறிதாகவும் இருக்கும். கேமின் ஃபிரேம் எண்ணிக்கைக்கு 60 என்று வரம்பு வைத்தால் அந்தச் சீழ்க்கை அடங்குவதற்கும் வாய்ப்புண்டு.

கேள்வி: லேப்டாப்பில் குரல் பதிவு செய்கிறேன். சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் பதிவில் 'ம்ம்' என்ற ரீங்காரம் விழுகிறது. லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் அது குறைகிறது. இது ஆபத்தானதா?

பதில்: தொட்டால் குறைகிறது என்ற உங்கள் குறிப்பே பாதி விடையைத் தந்துவிடுகிறது. உங்கள் சார்ஜர் எர்த் இல்லாத இரண்டு பின் வகையாக இருக்க வேண்டும், அல்லது சுவரிலுள்ள சாக்கெட்டில் எர்த் சரியாக இணைக்கப்படாமல் இருக்க வேண்டும். சார்ஜருக்குள், மின்காந்தக் குறுக்கீட்டைத் தடுப்பதற்காக வைக்கப்படும் ஒரு சிறு மின்தேக்கி, மின்வழியிலிருந்து மிகக் குறைந்த மின்னோட்டத்தை லேப்டாப்பின் கிரவுண்டுக்குக் கசியவிடுகிறது. எர்த் இல்லாதபோது லேப்டாப் முழுவதுமே மின்வழியின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலைவோடு மிதக்கிறது. மைக் கேபிள் அதை ஏற்றுக்கொள்கிறது. உங்கள் உடல் அதற்கு ஒரு வடிகாலாவதால் தொடும்போது தணிகிறது. நல்ல நிலையில் உள்ள சார்ஜரில் இந்தக் கசிவு பாதுகாப்பு வரம்புக்குள்ளேயே இருக்கும். ஆனால் தொடும்போது மெல்லிய குறுகுறுப்பைத் தாண்டிச் சுருக்கென்று உறைத்தால் அந்தச் சார்ஜரை உடனே ஒதுக்கிவிட்டு, எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சாக்கெட்டின் எர்த்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதிவைப் பேட்டரியில் செய்வதே எளிய வழி. அப்போதும் ரீங்காரம் இன்றி, கூர்மையான ஒற்றைச் சுருதி கேட்டால், அதன் அதிர்வெண்ணைப் பதிவு மென்பொருளின் ஸ்பெக்ட்ரம் காட்சியில் பாருங்கள். 1,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸில் நின்றால் அது யு.எஸ்.பி.யின் வேலையாக இருக்கக்கூடும். அந்த இணைப்பு நொடிக்கு 1,000 அல்லது 8,000 முறை தகவல் கட்டங்களை அனுப்புகிறது. மைக்கை வேறு போர்ட்டுக்கு, முடிந்தால் தனி மின்சாரம் பெறும் ஹப்புக்கு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் வயர்லெஸ் ஹெட்ஃபோனில் பாட்டு விட்டுவிட்டு வருகிறது. ஹெட்ஃபோனை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். யு.எஸ்.பி. 3.0 இணைப்பு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் இயங்கும்போது வெளிவிடும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது. புளூடூத்தும், யு.எஸ்.பி. போர்ட்டில் செருகும் சிறு வயர்லெஸ் கருவிகளான டாங்கிள்களில் பெரும்பாலானவையும் இயங்குவது அங்கேதான். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி ஓர் ஆவணம் வெளியிட்டது. டாங்கிளை ஒரு யு.எஸ்.பி. நீட்டிப்புக் கேபிளில் பொருத்தி, ஹார்டு டிஸ்க்கிலிருந்தும் அதன் கேபிளிலிருந்தும் தள்ளி வையுங்கள். ஹார்டு டிஸ்க்குக்கு நல்ல கவசமுள்ள, குட்டையான கேபிளைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஸ்பீக்கரைக் கழற்றிய பிறகும் கணினிப் பெட்டியிலிருந்தே கீச்சொலி வருகிறதே?

பதில்: அது ஒலிப் பாதையைச் சேர்ந்ததே அன்று. கிராபிக்ஸ் கார்டிலோ பவர் சப்ளையிலோ உள்ள காயில்கள் (கம்பிச் சுருள்கள்), மின்னோட்டம் மாறும்போது நுண்ணளவில் அதிர்கின்றன. காதுக்குத் தொல்லையே தவிர, பழுதின் அறிகுறி அன்று. ஃபிரேம் வரம்பு வைத்தும் தாங்க முடியாத அளவில் இருந்தால், வாரண்டிக் காலத்துக்குள் விற்பனையாளரிடம் மாற்றித் தரக் கேளுங்கள்.