அரசு வழக்கறிஞர் யாருடைய ஆள்?

கேள்வி: ஐயா, அமெரிக்காவில் மத்திய அரசு வழக்கறிஞர் ஒருவரை விலக்கிவிட்டு, ஆளுந்தரப்புக்கு வேண்டியவரை அந்த இடத்தில் அமர்த்தியது பெரும் சர்ச்சையானதாகப் படித்தேன். அதிபர், தாம் நியமித்தவரைத் தாமே மாற்றினால் அதில் என்ன தவறு? நம் ஊரிலும் ஆட்சி மாறினால் அரசு வக்கீல்கள் மாறுகிறார்களே?
– வாசகர் ஒருவர், கோத்தகிரி

பதில்: மாற்றும் அதிகாரம் அதிபருக்கு உண்டு; அதில் தாங்கள் சொல்வது சரி. அங்குள்ள 93 மத்திய அரசு வழக்கறிஞர்களையும் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஒப்புதலோடு 4 ஆண்டுகளுக்கு நியமிப்பவர் அவரே. புதிய அதிபர் வந்ததும் முந்தையவர் நியமித்தவர்கள் விலகுவதும் பழைய வழக்கம்தான். ஆனால் 2006-இல், அன்றைய அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தமது இரண்டாவது பதவிக்காலத்தின் நடுவில், தாமே நியமித்தவர்களில் 7 பேரை டிசம்பர் 7 அன்று ஒரே நாளில் விலகச் சொன்னது வழக்கத்தில் இல்லாதது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே ஆர்கன்சா மாநிலத்தில் மத்திய அரசு வழக்கறிஞராக இருந்த பட் கம்மின்ஸைப் பதவி விலகச் சொல்லிவிட்டார்கள். அவர் வேலையில் குறை இருந்ததால் அல்ல, அதிபரின் அரசியல் ஆலோசகர் கார்ல் ரோவிடம் பணியாற்றிய டிம் கிரிஃபினுக்கு இடம் தருவதற்காகவே அவர் விலக்கப்பட்டார் என்பதை, இந்த வழக்கறிஞர்களை நிர்வகிக்கும் அரசுத் துறையான நீதித்துறையின் இரண்டாம் நிலை அதிகாரியே 2007 பிப்ரவரியில் செனட் குழு முன் ஒப்புக்கொண்டார்.

கிரிஃபின் அரசியல்வாதி என்பதைவிட, அவர் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இடைக்கால நியமனம் 120 நாள்களுக்கு மட்டுமே செல்லும், அதற்குள் செனட் ஒப்புதல் கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியின் நீதிமன்றமே ஒருவரை அமர்த்தும் என்றிருந்த விதியை, 2006 மார்ச்சில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைப் புதுப்பிக்கும்போது சந்தடியில்லாமல் எடுத்துவிட்டார்கள். அதனால் செனட்டின் பக்கமே போகாமல் ஒருவரை எத்தனை காலம் வேண்டுமானாலும் பதவியில் வைத்திருக்க முடிந்தது. விவரம் வெளியானதும் 94-க்கு 2 என்ற வாக்குக் கணக்கில் செனட் பழைய விதியை மீட்டது. ஜூனில் அது சட்டமானது. செப்டம்பரில் அந்த நீதித்துறையின் தலைவர் கொன்சாலஸும் பதவியை விட்டு இறங்கினார்.

நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 18-ஆம் பிரிவின்படி, மாவட்ட ஆட்சியர் அமர்வு நீதிபதியைக் கலந்து, அரசு வழக்கறிஞர் பதவிக்குத் தகுந்தவர்களின் பெயர்ப்பட்டியல் தயாரிக்க வேண்டும். அந்தக் கலந்தாலோசனைதான் நமக்குள்ள வாசற்கதவு. 1990-இல் உத்தரப் பிரதேச அரசு எல்லா மாவட்டங்களின் அரசு வழக்கறிஞர்களையும் ஒரே சுற்றறிக்கையில் நீக்கியபோது, அது தன்னிச்சையான செயல் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகவே, ஆட்சி மாறினால் வக்கீல்களும் மாறுவது இயல்பு என்று நாம் பழகிப்போனது சரியல்ல.

மலையிலுள்ள ஒரு நீதிமன்றத்தில் நானே பார்த்ததைச் சொல்கிறேன். அன்றைய கூலியை விட்டுவிட்டு முதல் பேருந்தில் வந்திருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் கூண்டேறி நின்றார். பொறுப்பேற்று மூன்றே நாளாகியிருந்த புதிய அரசு வழக்கறிஞர் வழக்குக் கட்டின் நாடாவை அவிழ்த்து, முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “அம்மா, நீங்கள் எந்த வழக்கில் சாட்சி?” என்று அவரிடமே கேட்டார். வழக்கு வாய்தாவில் போனது. அந்த அம்மா சம்மனை நான்காக மடித்து, ஸ்வெட்டருக்குள் இருந்த சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு இறங்கி நடந்தார்.