டிஸ்சார்ஜ் சொல்லியாச்சு, பில் மட்டும் வரல

கேள்வி: அண்ணே, அப்பாவ பினாங்குல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில சேர்த்தோம், காலையிலயே வீட்டுக்குப் போலாம்னாங்க, ஆனா டாக்டர் நோட்ஸ் முடிக்கலைன்னு சாயங்காலம் வரைக்கும், பில்ல நாங்க கட்டுறோம்னு இன்சூரன்ஸ்காரங்க தர்ற லெட்டர் வரல, கைப்பணம் கட்டச் சொல்றாங்க. கட்டணுமா?
- வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: தங்கச்சி, படிக்கவே மனசு கஷ்டமா இருக்கு. என்ன நோய், என்ன சிகிச்சைன்னு டாக்டர் எழுதினாத்தான் அத வச்சு நோய்க்கும் சிகிச்சைக்கும் உண்டான குறியீடு (கோட்) போட்டு பில் தயாராகும், எழுதாததுக்கு இன்சூரன்ஸ்காரங்க பணம் தர யோசிப்பாங்க. அதனால கவுண்டர்லயே நிக்காம வார்டு நர்ஸ்கிட்ட எந்தக் குறிப்பு பாக்கின்னு கேளுங்க. கட்டித்தான் ஆகணும்னா டெபாசிட்டா, முழு பில்லான்னு ரசீதுல எழுதி வாங்குங்க, ஐட்டம் ஐட்டமா போட்ட பில்லும் மெடிக்கல் ரிப்போர்ட்டும் விடாதீங்க, பின்னால கிளைம் பண்ண அதுதான் வேணும். டாக்டர் ஃபீஸுக்கு மலேசியாவோட 2006 தனியார் சுகாதார விதிகள்ல 13-வது அட்டவணைல உச்சவரம்பு இருக்கு, அதையும் ஒப்பிட்டுப் பாருங்கம்மா.